உங்கள் கதைக்கு உங்கள் குரல்: மட்டக்களப்பு, அம்பாறைப் புதிய எழுத்தாளருக்கு ஒரு வழிகாட்டி

கதை எழுதத் தொடங்குகிறவருக்கு இங்கே எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, "சொந்தக் குரலில் எழுது" என்பது. எப்படி என்று கேட்டால், "எழுத எழுத வரும்" என்பார்கள். எனக்கு அப்படி வரவில்லை. வருடக்கணக்கில் எழுதியும் வேறு யாரோ எழுதியது போலத்தான் இருந்தது. பிறகு எந்தெந்த வேலைகள் பயன் தந்தன, எவை வீண் என்பதை வரிசையாக இங்கே தருகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு சிறுகதை எழுத நினைப்பவருக்கானது இது. நாவல் எழுதுகிறவரும் நாலாம் படி வரை வரலாம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். குரல் என்று நான் சொல்வது, கதை சொல்பவர் எதைக் காண்கிறார், எதை விட்டுவிடுகிறார், எதை முதலில் சொல்கிறார், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார் என்பதை. வட்டாரச் சொல்லுக்கு அதில் சிறு பங்குதான் உண்டு. இது விளங்காமல் கதை முழுக்க "மறுகா", "கிறுகி" என்று தூவி வைத்துவிட்டு, குரல் வந்துவிட்டது என்று நம்பி இருப்பவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர்.

1. சாமான், காசு, காலம்

பெரிய செலவு இல்லை. தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று, மெல்லிய அப்பியாசக் கொப்பி இரண்டு, பேனை, ஒலிப்பதிவு செய்யக்கூடிய ஒரு போன். கொப்பி, பேனைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஒதுக்கினால் போதும். மடிக்கணினி வாங்கிய பிறகுதான் எழுதுவேன் என்று காத்திருக்காதீர்கள். கடைசித் திருத்தம் முடிந்த பிறகு தட்டச்சுக்கு ஒரு கடையைத் தேடினால் சரி. அங்கே பக்கத்துக்கு எவ்வளவு, பிழை திருத்தத்துக்குத் தனியாகக் காசு உண்டா என்று கதையைக் கையில் கொடுக்குமுன் பேசிக்கொள்ளுங்கள்.

வாசிப்புக்குப் பொது நூலக அங்கத்துவம் எடுங்கள். அடையாள அட்டைப் பிரதி, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிணை நிற்கச் சம்மதித்த ஒருவரின் விபரம் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாளை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். நூலகம் தூரம் என்றால், 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற இணைய ஆவணகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கிழக்கிலிருந்து வந்து நின்றுபோன சிறு சஞ்சிகைகளையும் அங்கே தேடிப் பாருங்கள். கடைகளில் கிடைக்காதவை அவை.

காலம் ஆறு மாதம். முதல் ஒன்றரை மாதம் கேட்பதும் கொப்பியில் எழுதுவதும். அடுத்த இரண்டு மாதம் ஒரே ஒரு கதை. பிறகு ஒரு மாதம் அந்தக் கதையைத் தொடவே கூடாது. மிகுதி நாட்கள் திருத்தம், வாசகர், அனுப்புதல். வேளாண்மைக் குடும்பம் என்றால் பெரும்போக வெட்டு நடக்கும் மாசி, பங்குனியில் தொடங்காதீர்கள். வட்டையும் கதையும் ஒன்றாக ஓடாது. கேட்கும் வேலைக்கு வைகாசி நல்ல மாதம். கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு, குளிர்த்தி என்று சனம் இரவிரவாக ஒன்றாக இருக்கும். பாயை விரித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருக்கும். எழுதுவதற்கு மாரி நல்லது. கரண்ட் போனால் தொலைக்காட்சியும் நிற்கும்.

2. இரவல் குரல்களைப் பிடியுங்கள்

நீங்கள் முன்பு எழுதிய மூன்று துண்டுகளை எடுங்கள். பாடசாலைக் காலத்துக் கதையாக இருந்தாலும் பரவாயில்லை. சிவப்புப் பேனையால், வேறு யாரும் எழுதியிருக்கக்கூடிய ஒவ்வொரு வசனத்தின் கீழும் கோடு போடுங்கள். பாதிக்கு மேல் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான்.

பிறகு அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். நம் பகுதியில் அது பெரும்பாலும் நாலு இடத்திலிருந்து வரும். முதலாவது பாடசாலை. தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் சாதாரண தரக் கட்டுரைக்கும் பழகிய கை, கதிரவன் உதிக்காமல் கதையைத் தொடங்காது. இரண்டாவது மேடை. நூல் வெளியீட்டிலும் கவியரங்கிலும் கேட்டுக் கேட்டு, கதைக்குள்ளும் சபையோரை விளித்துப் பேசும் பழக்கம் வந்துவிடுகிறது. மூன்றாவது தமிழ்நாட்டுத் தொடர்நாடகமும் வார இதழும். களுவாஞ்சிக்குடிப் பெண் ஒருத்தி கோபம் வந்தால் சென்னைத் தமிழில் ஏசுவாள். நாலாவதை யாரும் கவனிப்பதில்லை. அது அறிக்கைத் தமிழ். சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் அரச சார்பற்ற நிறுவனங்களின் படிவங்களையும் கூட்டங்களையும் கண்டு வளர்ந்த தலைமுறை நாம். "பாதிக்கப்பட்ட", "வாழ்வாதாரம்", "முகங்கொடுத்தார்" என்பவை நம் கையிலிருந்து தானாக விழுகின்றன. என் கணிப்பில் இதுதான் நாலிலும் மோசமானது. ஏனென்றால் அது உண்மை பேசுவது போலத் தெரியும்.

ஒரு சின்னச் சம்பவத்தை வைத்துப் பாருங்கள். வெள்ளம் வந்து வேளாண்மை அழிந்து போகிறது. தகப்பன் மாட்டை விற்கிறார்.

பாடசாலைக் குரல்: "கார்மேகங்கள் கண்ணீர் வடித்தன. கந்தசாமியின் கனவுகளும் அந்த வெள்ளத்தில் மிதந்து சென்றன."

அறிக்கைக் குரல்: "வெள்ள அனர்த்தத்தினால் தனது வாழ்வாதாரத்தை இழந்த கந்தசாமி பாரிய பொருளாதார நெருக்கடிக்கு முகங்கொடுத்தார்."

இனி, சொந்தக் குரலைத் தேடும் ஒருவர் எழுதக்கூடிய ஒன்று: "மாட்டை ஏற்றிய லொறி போன பிறகும் அப்பா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். 'கயிறு நம்மட. அதச் சேத்து விக்கல்ல' என்றார். அம்மா ஒன்றும் கேட்டிருக்கவில்லை."

மூன்றாவதில் பேச்சு வழக்கு ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதைத் திருத்தி எழுத்துத் தமிழாக்கினாலும் குரல் போய்விடாது. கண் கயிற்றுக்குப் போனதும், கேட்காத கேள்விக்கு அப்பா பதில் சொன்னதும், கவலை என்ற சொல்லே வராததும்தான் அந்தக் குரல்.

இந்தப் படிக்கு ஒரு கிழமை போதும். அதற்கு மேல் இழுத்தால் எதையும் எழுத முடியாத கூச்சம் வந்துவிடும்.

3. காதால் சேருங்கள்

மெல்லிய கொப்பி ஒன்றை இதற்கென்று வையுங்கள். தினமும் ஒரு பக்கம். யாராவது ஒருவர் எதையாவது சொன்ன விதம். என்ன சொன்னார் என்பதைவிட, எந்த வரிசையில் சொன்னார் என்று எழுதுங்கள்.

கேட்க நல்ல இடங்கள் நம்மிடம் ஏராளம். மட்டக்களப்பு–கல்முனை பஸ்ஸில் பின் இருக்கை. ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசை. குருமன்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில், ஆற்றைக் கடக்கும் நேரம். வாழைச்சேனையில் மீன் ஏலம். மருதமுனையில் தறிச் சத்தத்துக்கு மேலாகக் கதைக்கும் பெண்கள். வயலுக்குள் வாடியில் காவல் இருக்கும் இரவு. செத்தவீட்டை மறக்காதீர்கள்; இறந்தவரைப் பற்றிய முதல் கதையை யார் தொடங்குகிறார், எப்போது முதல் சிரிப்பு வருகிறது என்று கவனித்தால் கதை கட்டும் முறையில் பாதி பிடிபட்டுவிடும்.

வயதானவர் யாரிடமாவது 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் அநேகமாக யாரும் காற்றிலிருந்து தொடங்கவில்லை. அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது, ஊரில் யாருடையது கல்வீடு, அந்த வீட்டுக்காரர் யாரை உள்ளே விட்டார், யாரை விடவில்லை என்றுதான் தொடங்கினார்கள். ஒரு பெத்தா காற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே கதையை முடித்துவிட்டா. அவவுடைய கதையில் முழுக்க இருந்தது ஒரு கதவு. அதைத் திறந்தவர்களையும் திறக்காதவர்களையும் இன்றைக்கும் பேர் சொல்லி வைத்திருக்கிறா. இப்படி ஒரு கதை கிடைத்தால் அதன் சொற்களைவிட அதன் வரிசையைக் கொப்பியில் குறியுங்கள்: முதலில் அடுப்பு, பிறகு கதவு, பிறகு பெயர்கள், கடைசியில் "சரி, தேத்தண்ணி குடியன் மனே".

கூத்துக் களரிக்கும் போங்கள். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, அதைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார் ஒரே சம்பவத்தைப் பாட்டாகவும் வசனமாகவும் எப்படிப் பிரிக்கிறார் என்பது காதுக்கு நல்ல பயிற்சி. ஆனால் அந்த நடையைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். அதற்கு மத்தளம் வேண்டும்.

ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். மேசைக்குக் கீழே போனை வைத்துப் பதிவு செய்வது களவு. யுத்த காலத்தைப் பற்றி, காணாமல் போனவர்களைப் பற்றி ஒருவர் கதைக்கத் தொடங்கினால் போனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அதைக் கதையாக்கும் எண்ணம் வந்தால் திரும்பவும் அவரிடம் போங்கள். இப்படி எழுத நினைக்கிறேன், பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சின்ன ஊர்களில் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. ஒரு குறிப்பிட்ட வளவு, ஒரு குறிப்பிட்ட மரம் வந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இங்கே உள்ள பொறி, சொல் சேர்ப்பது. அருமையான வட்டாரச் சொற்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, பிறகு அவற்றுக்கு இடம் தேடிக் கதை எழுதுவார்கள். பட்டியல் ஆய்வாளருக்கு உதவும். கதைக்கு உதவாது.

4. கதையை முதலில் வாயால் சொல்லுங்கள்

எனக்கு அதிகம் பயன்பட்ட படி இது. காசும் இல்லை.

எழுத நினைக்கும் கதையை ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு வாட்சப்பில் குரல்பதிவாகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம், கூடினால் ஏழு. ஆள் முக்கியம். வாசகர் என்ற முகம் தெரியாத கூட்டத்துக்குச் சொன்னால் உடனே மேடைக் குரல் வந்துவிடும். கட்டாரில் வேலை செய்யும் நண்பனுக்கு, கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போன அக்காவுக்கு, உங்களோடு சண்டை பிடித்துச் சமாதானமான ஒருவருக்குச் சொல்லுங்கள். அந்த ஆளுக்கு ஊர் தெரியும். ஆனால் இந்தக் கதை தெரியாது. அப்படிப்பட்டவர்தான் பொருத்தம். அவருக்குக் கோயில் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே தேவையில்லாத விளக்கம் எல்லாம் தானாகவே விழுந்துவிடும்.

பிறகு இயர்போனைப் போட்டுக்கொண்டு சொன்னதைச் சொன்னபடியே சீ.ஆர். கொப்பியில் எழுதுங்கள். இருமல், "இல்ல இல்ல, அதுக்கு முதல்" என்று திரும்பிப் போன இடங்கள், சிரிப்பு, எல்லாம். ஐந்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அலுப்பான வேலைதான், ஆனாலும் தப்ப முடியாது. போனின் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தினால் நேரம் மிச்சம் என்று தோன்றும். இலங்கைத் தமிழும் அதில் தெரிவாக உண்டு. ஆனால் அது உங்கள் சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிப் போட்டுவிடும், நிறுத்தங்களையும் விழுங்கிவிடும். உங்களுக்கு வேண்டியதே அந்த நிறுத்தங்கள்தான்.

எழுதி முடித்ததும் மூன்று விடயங்களைத் தேடுங்கள். எந்த இடத்தில் வேகமாகச் சொன்னீர்கள்? அது கதைக்குத் தேவையில்லாத பகுதியாக இருக்கலாம். எந்த இடத்தில் ஒரே விடயத்தை இரண்டு தரம் சொன்னீர்கள்? அங்கேதான் உங்கள் மனம் மாட்டிக்கொண்டிருக்கிறது. எந்த இடத்தில் குரல் தணிந்தது? அங்கே விவரிக்காதீர்கள், ஒரு வசனத்தோடு நிறுத்துங்கள்.

இந்தப் பேச்சுப் பிரதி கதை ஆகாது. அச்சிட்டால் வாசிக்க முடியாமல் சலிக்கும். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதையைப் புதிதாக எழுத வேண்டும், வரிசையையும் நிறுத்தத்தையும் மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டு. இரண்டு மாதத்தில் ஒரு கதை என்றேனே, நேரம் முழுக்க இங்கேதான் போகும்.

5. யார் சொல்கிறார்?

கதையின் முதல் பக்கத்தை மூன்று விதமாக எழுதுங்கள்: அந்த வீட்டுப் பிள்ளை சொல்வதாக, வெளியூர் போய்த் திரும்பி வந்த ஒருவர் சொல்வதாக, "நாங்கள்" என்று ஊரே சொல்வதாக. நாளைக்கு ஒன்று. மூன்றையும் எழுதி முடிக்கும்போது எதில் கை தடையில்லாமல் போனது என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் நீங்கள் முதலில் நினைத்திருந்தது அதுவாக இருக்காது.

இங்கே நம் பகுதிக்கே உரிய பொறி ஒன்று உண்டு. கதை சொல்பவர் சுற்றுலா வழிகாட்டியாகிவிடுவார். படுவான்கரை என்றால் வாவிக்கு மேற்கே உள்ள கரை, போடியார் என்றால் நிலக்காரர் என்று கதை நடுவில் பாடம் நடக்கும். யாருக்காக? படுவான்கரையில் பிறந்தவர் தன் மனதுக்குள் இப்படி விளக்கிக்கொள்வாரா? வெளியூர் வாசகருக்கு விளங்காதே என்ற பயத்தை விடுங்கள். ஒரு பாத்திரம் காலையில் பாதையேறி வந்து, மாலையில் சூரியன் விழும் பக்கம் திரும்பிப் போனால், அதற்குள் வாசகருக்கு விளங்கிவிடும்.

மட்டக்களப்புக்குச் சொல்லும் "மீன்பாடும் தேன்நாடு" என்பதைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். தமிழர், முஸ்லிம்கள் உறவைச் சொல்ல பிட்டையும் தேங்காய்ப்பூவையும் எடுக்காதீர்கள். இரண்டும் கூட்டங்களுக்கென்றே ஆகிவிட்டன. காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையில் எல்லையாக இருக்கும் ஒரு தெருவில், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை யார் யாரிடம் எதைக் கடன் வாங்குகிறார் என்று எழுதினால் அந்த உறவு, அதன் சந்தேகத்தோடும் சேர்த்து, வந்துவிடும்.

மற்றச் சமூகத்துப் பாத்திரத்தை எழுதும்போது கூடுதல் கவனம். வாப்பா, உம்மா, ராத்தா என்று அழைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். காத்தான்குடிப் பேச்சும் சம்மாந்துறைப் பேச்சும் அக்கரைப்பற்றுப் பேச்சும் ஒன்றில்லை. வாழைச்சேனைத் தமிழரின் பேச்சும் தம்பிலுவில் தமிழரின் பேச்சும் ஒன்றில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் உரையாடலை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் இடத்தை வெட்டுங்கள்.

6. ஒழுங்குத் தாள்

சின்ன வேலை, ஒரு பின்னேரம் போதும். ஒரு தாளில் உங்கள் முடிவுகளை எழுதி வையுங்கள். உரையாடலில் "என்று" வருமா, "எண்டு" வருமா? "இருக்கு" வருமா, "இரிக்கி" வருமா? கதை சொல்பவரின் தமிழிலும் பேச்சு வழக்கு உண்டா, உரையாடலில் மட்டுமா? "அவள்", "அவ", "அவர்" எப்போது எது? கதை முழுவதும் ஒரே ஒழுங்கு.

இந்தத் தாள் இன்னொரு வகையிலும் உதவும். ஒரு பத்திரிகையில் வந்த என் கதையொன்றில், உரையாடல் முழுவதையும் பாடப்புத்தகத் தமிழாக்கி வெளியிட்டிருந்தார்கள். சந்தையில் மீன் விற்கும் கிழவி இலக்கணம் பேசினாள். அதற்குப் பிறகு, கதையோடு தாளின் ஒரு பிரதியையும் அனுப்புகிறேன்: "உரையாடலில் உள்ள பேச்சு வழக்கு வேண்டுமென்றே எழுதப்பட்டது, மாற்ற வேண்டியிருந்தால் தெரிவிக்கவும்" என்று மேலே ஒரு வரி. கோபப்பட்ட ஆசிரியர் எவரும் இல்லை.

7. ஒரு மாதம் வைத்து, சத்தமாக வாசித்து, வெட்டுங்கள்

கதையை அலுமாரிக்குள் வையுங்கள். அந்த மாதத்தில் பிறருடைய கதைகளை வாசியுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் ஒருவரின் ஒரு பக்கத்தைக் கையால் பார்த்து எழுதுங்கள்; எந்த இடத்தில் உங்கள் கை வேறு சொல்லை எழுதப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அந்த விலகல் உங்களுடையது.

மாதம் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டும் வசனத்தை உடையுங்கள். நடிக்கத் தோன்றும் வசனத்தை வெட்டுங்கள். முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் கையால் மறைத்துவிட்டு ஒரு தரம் வாசியுங்கள். பத்தில் எட்டுக் கதைக்கு அவை தேவைப்படுவதில்லை: முதலாவது தொண்டையைக் கனைப்பது, கடைசி வாசகருக்குப் புத்தி சொல்வது.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் திகதி போட்டுத் தனிப் பிரதி வையுங்கள். கையெழுத்துப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். வெள்ளம் வரும் ஊர்கள் நம்முடையவை. கொப்பியை நம்ப முடியாது.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கதையைக் கொடுத்து "அழகாக்கித் தா" என்று கேட்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தால் பரவாயில்லை, அதையும் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபாருங்கள். அழகாக்கக் கொடுத்தால் அந்தக் கயிறு போய்விடும், கார்மேகம் திரும்பி வந்துவிடும்.

8. மூன்று வாசகர்

கதையை மூன்று பேருக்கு மட்டும் கொடுங்கள். ஒருவர் கதையே வாசிக்காதவர். ஒருவர் நம் பகுதியைத் தெரியாதவர், யாழ்ப்பாணமோ மலையகமோ. ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். போட்டோக்கொப்பிச் செலவு மட்டும்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்ற பதில்தான் வரும். எந்த இடத்தில் போனைப் பார்த்தீர்கள், எந்த இடத்தில் திரும்பி வாசித்தீர்கள், இதைச் சொல்கிற ஆளுக்கு என்ன வயது என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே பதில் சொன்னால் குரல் நிற்கிறது. ஒருவர் பதினைந்து என்றும் மற்றவர் அறுபது என்றும் சொன்னால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

இரண்டு கிழமைக்குள் வாசித்துத் தருவதாகச் சொன்னவர் ஒரு மாதமாகியும் தரவில்லை என்றால் நினைவூட்டாதீர்கள். அதுவும் ஒரு பதில்.

9. அனுப்புங்கள், ஆனால் காசு கட்டாதீர்கள்

ஞாயிறு பத்திரிகைகளும் ஜீவநதி, மகுடம் போன்ற சஞ்சிகைகளும் புதியவர்களின் கதைகளை வெளியிட்டு வந்திருக்கின்றன. அனுப்புமுன் குறைந்தது மூன்று இதழ்களைப் படித்து, எந்த அளவுக் கதை போடுகிறார்கள் என்று பாருங்கள். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருப்பார். பிரதேச இலக்கியப் போட்டிக்கான விண்ணப்பத்தையும் முடிவுத் திகதியையும் அவரிடம் கேட்டு வையுங்கள். போட்டிக்கும் சஞ்சிகைக்கும் ஒரே கதையை ஒரே நேரத்தில் அனுப்பக் கூடாது. இரண்டாவது அப்பியாசக் கொப்பி இதற்குத்தான்: கதை, அனுப்பிய இடம், திகதி, பதில். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பலாம்.

தட்டச்சு யூனிகோட்டில் இருக்கட்டும். கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில் அடித்துத் தருவார்கள். மாற்றும்போது எழுத்துகள் உடைந்து, முக்கியமாகக் கொம்பும் காலும் இடம் மாறி வரும். மாற்றிய பிரதியை முழுவதும் ஒரு தரம் வாசிக்காமல் அனுப்பாதீர்கள்.

கதையைத் திருடிவிடுவார்களோ என்று பயந்து பூட்டி வைப்பவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு தேவையில்லை, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 70 வருடத்துக்கும் அது செல்லும். திகதி போட்ட பிரதிகளும் உங்களுக்கே அனுப்பிய மின்னஞ்சலும் ஆதாரமாக உதவும்.

பொறிகள் இங்கேதான் அதிகம். "உங்கள் கதையைத் தொகுப்பில் சேர்க்கிறோம், இத்தனை ஆயிரம் கட்டுங்கள், சான்றிதழும் பட்டமும் தருவோம்" என்று செய்தி வரும். பட்டத்தோடு பொன்னாடையும் உண்டு. அந்தக் காசுக்கு நல்ல கதைத் தொகுப்புகள் நாலைந்து வாங்கலாம். முதல் கதை வெளிவந்த உற்சாகத்தில் புத்தகம் போட ஓடாதீர்கள். 2022க்குப் பிறகு காகித விலை ஏறிவிட்டது. 300 பிரதி என்றாலும் லட்சத்தைத் தாண்டும், அதில் பெரும்பகுதி கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும். பத்து, பன்னிரண்டு கதை சேர்ந்து, அவற்றில் பாதியாவது வெளியே வந்த பிறகு யோசிக்கலாம். அப்போது கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேசப் புத்தக இலக்கம் எடுக்க வேண்டும். இலங்கைப் புத்தகங்களின் இலக்கத்தில் 978க்கு அடுத்து 955 அல்லது 624 வரும். அட்டை அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடுங்கள். பிறகு ஒட்டுத்தாள் அடித்து ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

இரண்டாவது கதைக்கு இவ்வளவு காலம் எடுக்காது. கேட்கும் கொப்பியை நிறுத்தாமல், நாலாம் படியிலிருந்து தொடங்குங்கள். குரல்பதிவை மட்டும் இந்த முறை வேறு ஆளுக்கு அனுப்புங்கள்.